பூமிக்கு மூன்று நாள்

ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் நாளைக்கே நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். சீர்காழிக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரத்து ஊர், அவ்வளவு தெரிந்தால் போதும். ஆனி எட்டாம் தேதி விடிகாலையில், அந்த ஊர் மதகின் மேல் மலர்கொடி ஒரு சிவப்புக் கொடியை ஊன்றிவிட்டு அதன் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவளோடு சேர்த்து நாற்பது பெண்கள். எல்லாரும் காலமெல்லாம் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். மதகைத் தாண்டினால் சிவசாமியின் வயல். அங்கே அன்றைக்கு நடவு இருந்தது, ஆனால் அவர்களுக்கு இல்லை.

வங்காளிகளுக்கு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் முதன்முதலாக அவர்கள் வந்து இறங்கியபோது ஊரே வரப்பில் நின்று சிரித்தது. ஆம்பளை குனிந்து நாற்று நடுவதை இந்தப் பக்கத்தில் யார் பார்த்தார்கள்? உழுவது அவன், வரப்பில் அண்டை வெட்டுவது அவன், நடுவது பெண். அதுதான் வழக்கம். இங்கே மீசை வைத்த பன்னிரண்டு பேர், இடுப்பில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டைச் சுற்றிக்கொண்டு, கயிறு பிடித்து, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து நட்டுக்கொண்டு போனார்கள். மத்தியானம் பொரியில் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்து தின்றார்கள். வாய்க்காலில் விரல் நீளக் கெண்டையைத் துண்டாலேயே வடித்துப் பிடித்தார்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சாயங்காலம் சிரிப்பு நின்றது. முப்பது பெண்கள் நடுகிற வயலைப் பன்னிரண்டு பேர் நட்டு முடித்திருந்தார்கள். அடுத்த வருஷம் பாதி ஊர் அவர்கள் கைக்குப் போனது. இந்த வருஷம் மிச்சமிருந்தது சிவசாமியின் பன்னிரண்டு ஏக்கர் மட்டும். இன்றைக்கு மூன்று ஏக்கரில் கால் வைக்கிறவர்கள் நாளைக்கு மற்றதிலும் வைப்பார்கள். அதுவும் போனால் ஊரில் பெண்களுக்கு நடவு என்று ஒன்று கிடையாது. மலர்கொடிக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கொடியோடு வந்து உட்கார்ந்தாள்.

சிவசாமிக்கும் அது சொந்த நிலமில்லை. மாம்பலத்தில் இருக்கும் பஞ்சாபகேசனுடைய நிலம். தாத்தா காலத்தில் வேலிக் கணக்கில் இருந்தது, சண்டையிலும் சட்டத்திலும் கரைந்து இவ்வளவுதான் மிஞ்சியது. குத்தகை சிவசாமிக்கு. சிவசாமியின் அப்பா இதே மதகில் இதே நிறக் கொடி பிடித்தவர் என்பதை ஊரில் யாரும் மறக்கவில்லை, சிவசாமியைத் தவிர. அந்தக் காலத்தில் மிராசுதார் வெளியூர் ஆளை வயலில் இறக்கினால் ஊர் பற்றி எரியும். மலர்கொடியின் அம்மா எல்லையம்மாள் அப்படி மறித்ததற்காகப் பதினோரு நாள் நாகப்பட்டினம் ஜெயிலில் இருந்தவள். அதற்கப்புறம் மதகுச் சுவரில் சூரியனும் இரட்டை இலையும் மாறி மாறி வந்தன. வெள்ளையடிக்கிறவனுக்கு வேலை வந்ததே தவிர, வெளியூர் ஆளை இறக்குகிற பழக்கம் அப்படியேதான் இருந்தது.

ஆறு மணிக்கு வங்காளிகள் வந்தார்கள். நாற்றை முந்தின நாளே பறித்து, முடி முடியாகக் கட்டி, சேற்றில் வீசியிருந்தார்கள். கங்காணி மாதிரி இருந்தவன் பெயர் நிரஞ்சன் பர்மன். முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று வருஷத்தில் தமிழ் அவனுக்குப் பாதி வந்திருந்தது.

"தீதி, வழி விடு. இன்னிக்கு ரெண்டு மணிக்குள்ள முடிக்கணும்."

தீதி என்றால் அக்கா. அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"ஏன், ரெண்டு மணிக்கு என்ன ரயிலா?" என்றாள் மலர்கொடி. "உன் ஊர்ல நாங்க வந்து நட்டா விடுவியா நீ?"

அவன் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "எங்க ஊர்லயும் இந்தக் கொடி உண்டு," என்றான். "கூச் பிஹார். தோர்ஷா ஆறு. எங்க தாத்தா காலத்துல நெல்லு மூணு பங்கு. ஜோத்தார், அதான் நிலத்துக்காரர், பாதி வேணும்பாரு. தாத்தா சொன்னாரு, ரெண்டு பங்கு உழுதவனுக்கு. அறுத்த நெல்ல அவங்க களத்துக்குக் கொண்டுபோகல, நம்ம களத்துக்கே கொண்டுவந்தாச்சு. போலீஸ் சுட்டுது. பாட்டி தொடப்பக்கட்ட எடுத்துகிட்டு ஓடினாங்க."

"அப்புறம் என்ன? அந்தப் பாட்டி பேரன் இங்க வந்து எங்க சோத்துல கை வைக்கறியே!"

அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்த் தன் ஆட்களோடு உட்கார்ந்துவிட்டான். மலர்கொடிக்கு அவன் மேல் கோபம் போகவில்லை. ஆனால் அந்தத் துடைப்பக்கட்டைப் பாட்டி கொஞ்சம் பிடித்துப்போனாள்.

ஐந்து மணி நேரம் யாரும் நகரவில்லை. பதினோரு மணிக்கு எஸ்.ஐ. ஜீப்பில் வந்தார். ஓரமாக நின்று கோஷம் போடலாம், வழி மறிக்கக் கூடாது என்றார். பெண் போலீஸ் யாரும் வராததால் கை வைக்கவில்லை. ஆனால் கேஸ் போட்டால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்காது என்று ஒன்றைச் சொன்னார். அதற்குத்தான் பெண்கள் எழுந்தார்கள். மலர்கொடி கடைசியாக எழுந்து ஓரமாகப் போய் நின்றாள். எஸ்.ஐ. ஜீப்போடு அங்கேயே இருந்தார்.

வங்காளிகள் ஓடிப்போய் வயலில் இறங்கினார்கள். ஓடி என்றால் உண்மையிலேயே ஓடி. மலர்கொடி இருபத்தாறு வருஷமாக நடுகிறவள், நடவைப் பார்த்தால் மனசு தெரியும். இவர்கள் பேய் துரத்துகிற மாதிரி நட்டார்கள். ஒருத்தன் நிமிரவில்லை, பீடி பற்ற வைக்கவில்லை. மத்தியானச் சாப்பாடு வரப்பில் மூடியபடியே கிடந்தது. நிரஞ்சன் மட்டும் இடுப்பில் பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்து எடுத்துப் பார்த்தான்.

"என்னக்கா இவனுங்களுக்கு இன்னிக்கு?" என்றாள் பக்கத்தில் நின்ற தையல்நாயகி.

"சிவசாமி கூலிய ஏத்திக் குடுத்திருப்பான்," என்றாள் மலர்கொடி.

இரண்டேகால் மணிக்குச் சற்றுமேல் நிரஞ்சன் போனைப் பார்த்தான். பிறகு உரக்க ஒரு வார்த்தை சொன்னான். பன்னிரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். கையில் நாற்று வைத்திருந்தவர்கள் அதைச் சேற்றில் குத்தவில்லை, வரப்பில் கொண்டுவந்து வைத்தார்கள். ஒவ்வொருவராக வயலை விட்டு ஏறி, வரப்பைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, மதகுப் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். ஒன்றேமுக்கால் ஏக்கர் நடாமல் கிடந்தது. பறித்த நாற்றெல்லாம் வெயிலில் கிடந்தது.

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு பெண்கள் பக்கம் குலவையே கிளம்பிவிட்டது.

"வேலையப் போட்டுட்டானுங்கடி!"

கொடிதான் காரணம் என்று மலர்கொடி நினைத்தாள். தாத்தாவும் பாட்டியும் அவனைச் சும்மா விடவில்லை என்று நினைத்தாள். வேறென்ன நினைக்க முடியும்?

சிவசாமியின் ஆள் ஐயாவு வரப்போடு ஓடி வந்தான், கையில் மூங்கில் கழி. பின்னால் பைக்கைப் போட்டுவிட்டுச் சிவசாமி.

"எறங்குடா! பறிச்ச நாத்தப் போட்டுட்டு எவன்டா உக்காரச் சொன்னது? இவளுங்க கூடச் சேந்துகிட்டியா?"

நிரஞ்சன் எழுந்து கை கூப்பினான். "முதலாளி, இல்ல. மூணு நாள் இல்ல."

ஐயாவு கழியை ஓங்கினான். மலர்கொடி யோசிக்கவில்லை, குறுக்கே போய் நின்றாள். அடி அவள் முழங்கையில் இறங்கியது. நாற்பது பெண்களும் ஒரே குரலாகக் கத்தினார்கள். எஸ்.ஐ. ஓடி வந்து ஐயாவுவின் கழியைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார்.

"எங்களுக்காக வேலைய விட்டவன்," என்றாள் மலர்கொடி மூச்சு வாங்க. "அவன் மேல கை வச்சா நடக்கறது வேற."

நிரஞ்சன் அவளைப் பார்த்த பார்வையில் குழப்பம் இருந்தது. பிறகு புரிந்துகொண்டான். பொய் சொல்லியிருக்கலாம், அவனுக்கு நல்லதாகவே முடிந்திருக்கும். அவனுக்கு அது வரவில்லை.

"தீதி, உனக்காக இல்ல," என்றான். "அம்புபாச்சி. ரெண்டு இருவதுக்கு ஆரம்பம். எங்க ஊர்ப் பஞ்சாங்கம். காலையிலயே விட்டிருந்தா அதுக்கு முன்னாடி முடிச்சிருப்போம்."

"என்ன பாச்சி?"

அவன் தரையைப் பார்த்தான். காது சிவந்தது. "பொம்பளைக்கு மாசம் மாசம்... அது. பூமி மா-வுக்கு, அதான் பூமி அம்மாவுக்கு, வருஷத்துக்கு ஒரு தடவ. மழை வர்ற சமயம். மூணு நாள். அப்ப ஏர் கட்டக் கூடாது, வெட்டக் கூடாது, நடக் கூடாது. மா-வுக்கு வலிக்கும். அங்க இப்ப ஊர் பூரா வீட்டுல இருக்கும். மாம்பழம், பால். புருசன் இல்லாதவங்க அடுப்பே பத்த வைக்க மாட்டாங்க. மூணு நாள் முடிஞ்சா குளிச்சுட்டு வந்து நடுவோம்."

பெண்களுக்கு விஷயம் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் தையல்நாயகி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பின்வரிசையில் ஒருத்தி, "பூமி வீட்டுக்குத் தூரமாம்டி!" என்றாள். சிரிப்பு வெடித்தது. ஆம்பளை வாயால், போலீஸ்காரர் முன்னால், இப்படி ஒரு பேச்சு! மலர்கொடி சிரிக்கவில்லை. அவளுக்கு முழங்கை வீங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாள் கழித்து இதே வயலுக்கு இவன் வருவான். அவனுக்காகவா அடி வாங்கினோம் என்று இருந்தது.

சிவசாமி காரியக்காரன். சிரிப்பு அடங்கும்முன் கணக்குப் போட்டுவிட்டான். நாற்று முடியைப் பிளந்து கையை விட்டுப் பார்த்தான். உள்ளே சூடு ஏறியிருந்தது. பொழுது போனால் நாளைக்கு மஞ்சளாகிவிடும், அதற்கப்புறம் மாட்டுக்குத்தான் போட வேண்டும். நாற்றங்காலில் வேறு நாற்று கிடையாது. குறுவைக்கு இனி விதை விட நாளும் கிடையாது.

"மலரு," என்றான், குரலே மாறிவிட்டது. "அவனுங்க கெடக்கறானுங்க. நீங்க எறங்குங்க."

"எழுதிக் குடுங்க."

"என்னத்த?"

"உங்க வயல் நடவு இந்த ஊர்ப் பொம்பளைங்களுக்குத்தான் மொதல்ல. நாங்க முடியாதுன்னு சொன்னாத்தான் வெளியாள். எழுதுங்க. எஸ்.ஐ. ஐயா சாட்சிக் கையெழுத்துப் போடட்டும்."

சிவசாமி வயலைப் பார்த்தான், சூரியனைப் பார்த்தான். உரக்கடை ரசீதின் பின்பக்கத்தில் எழுதினான். எழுதும்போதே அவன் புத்தி வேலை செய்தது. "பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும். நாப்பது பேரும் எறங்கி நடணும், ஒருத்தி கொறையக் கூடாது. கொறஞ்சா இந்தக் காயிதம் செல்லாது. அதையும் எழுதறேன்."

"எழுதிக்குங்க."

எஸ்.ஐ. கையெழுத்துப் போட்டார். மலர்கொடி காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அம்மா ஜெயிலுக்குப் போயும் கிடைக்காத காகிதம். சந்தோஷப்படத் தோன்றியது, நேரமில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஏறினாள்.

நிரஞ்சன் ஓடி வந்து வரப்பில் அவளுக்கு முன்னால் மண்டியிட்டுவிட்டான்.

"தீதி, வேணாம். வேலை உனக்கே. நான் வர மாட்டேன், மன்னார்குடிப் பக்கம் போயிடறேன். ஊர் உன்னோடது, சரி. மூணு நாள் கழிச்சு நீயே நடு. இன்னிக்கு மட்டும் வேணாம். மா-வுக்கு வலிக்கும்."

அவன் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. அதுதான் மலர்கொடியைக் கொளுத்திவிட்டது.

"யாருக்குடா வலிக்கும்?" என்றாள். "மண்ணுக்கா? எனக்கு இன்னிக்கு ரெண்டாம் நாள்டா. காலையில அஞ்சு மணியிலிருந்து வயித்தப் புடிச்சுகிட்டு இந்த மதகுல உக்காந்திருக்கேன். பதினஞ்சு வயசுலேருந்து மாசா மாசம் இப்படித்தான் சேத்துல குனியறேன். துணி நனைஞ்சு தொடையெல்லாம் புண்ணாயி, அட்டை கடிச்சதா என்னன்னு தெரியாம நின்னிருக்கேன். எவனும் எனக்கு வலிக்கும்னு மண்டி போடல. எங்கம்மா போடல, கட்டுனவன் போடல, இதோ நிக்கறாரே இந்தச் சிவசாமி, அவங்கப்பா, யாரும் போடல. மண்ணுக்கு மூணு நாள் லீவா? எனக்கு ஒரு மணி நேரம் குடுத்தது யாருடா?"

எஸ்.ஐ. போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார், யாரும் கூப்பிடவில்லை. ஐயாவு தென்னை மரத்தில் காய் எண்ணினான். சிவசாமி, "சரி சரி, நேரமாவுது," என்றான்.

நிரஞ்சன் மண்டியிட்ட இடத்திலேயே அவளை அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு எவ்வளவு தமிழ் புரிந்ததோ, ரெண்டாம் நாள் புரிந்துவிட்டது.

"அப்ப நீயும் எறங்காத," என்றான். "உக்காரு, தீதி."

உக்காரு. சாதாரணமாகச் சொன்னான், தன் ஊரில் தன் அக்காவிடம் சொல்கிற மாதிரி. மலர்கொடிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக இருபத்தாறு வருஷம் காத்திருந்தோம் என்பது அதைக் கேட்டபிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்ல இவன்தானா கிடைத்தான், பிழைப்பைப் பறிக்க வந்தவன்! அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவனைச் சுற்றிக்கொண்டு வயலில் இறங்கினாள். முப்பத்தொன்பது பேரும் பின்னால் இறங்கினார்கள்.

சேறு கொதிக்கிற கஞ்சி மாதிரிச் சுட்டது. நாற்பது பேரும் குனிந்தார்கள். யாரும் பாட்டெடுக்கவில்லை. பொழுதோடு போட்டி, பாட்டுக்கு மூச்சு கிடையாது. முழங்கை அடி கையைத் தூக்க விடவில்லை, மலர்கொடி இடக்கையால் நட்டாள். அடிவயிறு முறுக்கியது. ரவிக்கைக்குள் காகிதம் வியர்வையில் ஒட்டியது. வரப்பிலிருந்து சிவசாமி தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தான். முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது. மறுபடி முதலிலிருந்து.

நாலரை மணி சுமாருக்கு நிமிர்ந்தபோது மதகைப் பார்த்தாள். பன்னிரண்டு வங்காளிகளும் வயலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன்கூடத் திரும்பவில்லை. பார்க்கக் கூடாததைப் பார்க்காத மரியாதை அது. மரியாதை பூமிக்கு, அவளுக்கில்லை. அது அவளுக்குத் தெரியாமலில்லை. இருந்தும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக் கையில் சேறு.

இன்னும் முக்கால் ஏக்கர் இருந்தது. மலர்கொடி கையிலிருந்த நாற்றைத் தையல்நாயகியிடம் கொடுத்தாள்.

"என்னக்கா?"

"என் வரிசையையும் சேத்து நடு."

சேற்றை அளைந்துகொண்டு நடந்தாள். வரப்பில் ஏறினாள். சிவசாமிக்கு நாலடி தள்ளி, எல்லாரும் பார்க்க, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

சிவசாமி எண்ணிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "என்ன இது?"

"எனக்கு முடியல. உக்காந்திருக்கேன்."

"நாப்பதுன்னு எழுதியிருக்கு. ஒருத்தி கொறஞ்சா காயிதம் செல்லாது, ஞாபகம் இருக்கா? எந்திரி."

மலர்கொடி எழுந்திருக்கவில்லை. பயம் இருந்தது. அம்மாவால் முடியாததைக் கையில் வைத்துக்கொண்டு, இப்படி வரப்பில் உட்கார்ந்து தொலைக்கிறோமே என்று இருந்தது. மற்ற முப்பத்தொன்பது பேர் சோறும் அந்தக் காகிதத்தில்தான் இருந்தது. அவர்கள் திட்டினால் எழுந்துவிடுவாள். அவர்கள் பக்கம் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"எந்திரிங்கறேன்ல?"

நடவுச் சத்தம் நின்றுபோயிருந்தது. மலர்கொடி தலையைத் தூக்கினாள். முப்பத்தொன்பது பெண்களும் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். கையில் நாற்று. எல்லாரும் சிவசாமியையே பார்த்தார்கள்.

தையல்நாயகிதான் வாயைத் திறந்தாள். "அது உக்காந்தா செல்லாதுன்னா, நாங்களும் ஏறிடறோம். நாத்த நீங்களே நட்டுக்குங்க."

சிவசாமி மேற்கே பார்த்தான். பொழுது பனைக்கு மேல் இரண்டு முழம்தான் இருந்தது. முக்கால் ஏக்கருக்கான நாற்று வரப்போரம் வாடிக் கிடந்தது. எஸ்.ஐ.யைப் பார்த்தான். அவர் இந்தத் தடவை போனை எடுக்கவில்லை. காகிதத்தில் கையெழுத்துப் போட்ட மனிதர், இவன் என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருந்தார்.

"நாப்பதுதான்," என்றான் சிவசாமி கடைசியில், யாரையும் பார்க்காமல். "உக்காந்திருக்கறதையும் சேத்து. குனிங்க, குனிங்க."

முப்பத்தொன்பது முதுகுகள் குனிந்தன. மலர்கொடி முழங்காலைக் கட்டிக்கொண்டு, தன் ஊர்ப் பெண்கள் நடும் வயலை முதன்முறையாக வரப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.